ஜாம்பேசியில் படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு, ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையில் இருக்கும் விக்டோரியா அருவி பார்க்க வருகிறீர்கள். கல்லூரியில் படிக்கும் மகள், அருவிக்குக் கீழே ஜாம்பேசி ஆற்றில் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்பு போட்டுப் பாயும் நீரில் போகும் பயணம், போயே தீருவேன் என்கிறாள். உங்களுக்கு 48 வயது. கிணற்றில் கற்ற நீச்சல். ஆற்று அனுபவம் என்றால் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியது ஒன்றுதான். வீடியோக்களில் பார்த்த படகெல்லாம் கவிழ்கிறது, ஆட்கள் நுரைக்குள் மறைகிறார்கள். போதாததற்கு ‘ஐந்தாம் தரம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். மகளை அனுப்பலாமா, நீங்களும் கூடப் போகலாமா என்பது கேள்வி.

இருவருமே போகலாம். பொறுப்போடுதான் சொல்கிறேன். வேலைக்காக ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆற்றில் நான்கு முறை இறங்கியிருக்கிறேன். மூன்று முறை நீர் குறைந்த பருவத்தில், ஒரு முறை வெள்ளம் வடிந்துகொண்டிருந்தபோது. இரண்டு முறை படகு கவிழ்ந்தது. ஒரு முறை நான் மட்டும் தூக்கி எறியப்பட்டேன். நாம் பயப்படுகிற இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு என்று அந்த நான்கு நாட்களில் தெரிந்துகொண்டேன். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தரக் கணக்கு. ஆறு சரிந்து நுரைத்துப் பாயும் இடத்துக்கு ரேபிட் என்று பெயர். உலகெங்கும் ரேபிட்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்பது சலசலக்கும் நீர். ஆறு என்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு யாரும் போகக் கூடாத இடம். ஐந்து அதற்கு முந்தைய படி. இந்த எண், ஒரு படகைக் கவிழாமல் அந்த இடத்தைக் கடத்துவது எவ்வளவு கடினம் என்பதையே முக்கியமாகச் சொல்கிறது. படகிலிருந்து விழுந்தவருக்கு அடுத்த அரை நிமிடத்தில் என்ன நேரும் என்பதை அந்த எண்ணிலிருந்து மட்டும் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு ஆற்றின் ஆழம், பாறைகள் இருக்கும் விதம், ரேபிட் முடிந்ததும் வரும் நீர் எப்படிப்பட்டது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும்.

ஜாம்பேசியின் பெருமையே அங்குதான் இருக்கிறது. விக்டோரியா அருவியில் ஆறு 1708 மீட்டர் அகலத்துக்கு விரிந்து, 108 மீட்டர் கீழே விழுகிறது. விழுந்த நீர் முழுவதும் ஒரு குறுகலான வாய் வழியாக நெருக்கியடித்து வெளியேறி, கரும்பாறைப் பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. பசால்ட் என்னும் எரிமலைப் பாறை அது. அந்தப் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் உண்டு. ஆறு ஒவ்வொரு விரிசலாக அரித்துக்கொண்டு பின்வாங்கியதால், இன்று நாம் படகில் போகும் அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அருவி விழுந்த இடமாக இருந்தவை. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பரந்து வந்த நீரை இவ்வளவு இடுக்கான சந்தில் அடக்க வேண்டுமென்றால் அது ஆழத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே இந்த ஆறு ஆழமானது. பெரும்பாலான ரேபிட்களில் அலை எவ்வளவு உயரமாக எழுந்தாலும், அலைக்கு அடியில் காலை உடைக்கும் பாறை இருப்பது அரிது. இன்னொன்று, ஒவ்வொரு ரேபிட் முடிந்ததும் ஒரு மடு வருகிறது. ஆழமான, மெதுவான, பச்சை நிற நீர். விழுந்தவரை ஆறே கொண்டுபோய் அந்த மடுவில் விடுகிறது. அங்கே மீட்புக் கயாக்கும் (ஒருவர் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) மற்றப் படகுகளும் காத்திருக்கும்.

மூன்றாம் தரம் என்று குறித்திருக்கும் ஒரு சின்ன மலை ஆற்றை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடுப்பளவு நீர், வழியெங்கும் உருண்டைப் பாறைகள், ஒரு ரேபிட் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். அங்கே படகு கவிழ்வது குறைவு. கவிழ்ந்தால் முட்டியும் முதுகும் பாறையில் மோதும், மூச்சு வாங்க இடம் கிடைக்காது. என்னைக் கேட்டால், புதியவர் ஒருவர் அத்தகைய ஆற்றில் விழுவதைவிட ஜாம்பேசியில் விழுவதே மேல். இது ஆற்றைக் குறைத்துப் பேசுவதாகாது. இங்கும் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. நான் சொல்வதெல்லாம், எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள் என்பதுதான்.

நீங்கள் வரும் பருவம் நல்ல பருவம். இங்கே ஒரு விந்தை உண்டு. மழை நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடிந்துவிடும். ஆனால் அருவியில் வெள்ளம் உச்சத்துக்கு வருவது மழை ஓயும் ஏப்ரல் சமயத்தில்தான். காரணம், மேலே பரோட்சே என்ற பெரும் சமவெளி. அங்கோலாவிலிருந்தும் ஜாம்பியாவின் வடமேற்கிலிருந்தும் வரும் நீர் அந்தச் சமவெளியில் ஏரி போலப் பரவி நின்று, வாரக்கணக்கில் மெல்ல வடிந்து வருகிறது. நல்ல மழை ஆண்டில் ஏப்ரலில் வினாடிக்கு 3000 கன மீட்டருக்கும் மேல் விழும் அருவியில், அக்டோபர், நவம்பரில் 300 அளவுக்குத்தான் நீர் இருக்கும். வெள்ளம் மிகுந்த வாரங்களில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் ஆண்டு முடிவு வரை நீர் குறைந்த பருவம். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: நீர் குறையக் குறைய ரேபிட்கள் செங்குத்தாகவும் பெரிதாகவும் ஆகின்றன. வெள்ளக் காலத்தில் பல ரேபிட்கள் நீருக்குள் அமிழ்ந்துவிடும். அதற்குப் பதிலாகப் பெரும் சுழிகள் கிளம்பும், விழுந்தவர் மிக நீண்ட தூரம் மிதக்க வேண்டியிருக்கும். வெள்ளம் வடிந்த அந்த ஒரு பயணத்தில் எனக்கு மனம் ஒன்றவில்லை. சுழி காலைப் பிடித்து இழுத்த உணர்வு இன்னும் நினைவிருக்கிறது.

ஜாம்பியா பக்கத்திலிருந்து போனால், அருவியின் காலடியில் ‘கொதிக்கும் பானை’ என்று பொருள்படும் பாய்லிங் பாட் என்ற இடத்தில் இறங்குவீர்கள். மேலே வெயில் கொளுத்தும். காட்டுக்குள் படிகளில் இறங்க இறங்கச் சாரல் குளிரும், பாறையெல்லாம் வழுக்கும். அங்கே படகில் ஏறியதும் முதல் வளைவிலேயே நிமிர்ந்து பாருங்கள். 1905இல் கட்டிய ரயில் பாலம் தலைக்கு மேல் 128 மீட்டர் உயரத்தில் நூலாகத் தெரியும். அந்தக் கணத்தில்தான் பள்ளத்தாக்கின் ஆழம் உறைக்கும். இங்கே சாலை கிடையாது. யாருக்காவது பெரிய அடி பட்டால் ஹெலிகாப்டர்தான். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ‘ஐந்தாம் தர ராஃப்டிங்’, ‘ஹெலிகாப்டர் மீட்பு’ இரண்டும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பயண இன்ஷூரன்ஸ்களில் அடங்காது.

இந்தப் பள்ளத்தாக்கை முதன்முதலில் படகில் கடந்தது 1981இல், ரிச்சர்ட் பேங்ஸ் தலைமையில் வந்த ஓர் அமெரிக்கக் குழு. ரேபிட்களுக்கு எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. பெயர்களைக் கேட்டு அஞ்ச வேண்டாம், நம்பவும் வேண்டாம். ‘மரணத்தின் கடகடக்கும் தாடைகள்’ என்று பொருள்படும் பெயர் வைத்த பத்தாம் எண் ரேபிட், அங்குள்ளவற்றில் மிதமான ஒன்று. ‘சொர்க்கத்துக்குப் படிக்கட்டு’ என்று அழகான பெயர் கொண்ட ஐந்தாம் எண்ணோ, செங்குத்தாக விழும் முரட்டு இடம். படகு விளிம்புக்கு வரும்வரை முன்னால் நீரே தெரியாது. ஒரு கோடு மட்டும் தெரியும், அதற்கு அப்பால் நுரை எகிறிக்கொண்டிருக்கும். ஏழாம் எண் கலிவர்ஸ் டிராவல்ஸ் மிக நீளமானது. அதைக் கடந்ததும் கை நடுங்கும். எட்டாம் எண்ணில் எளிய வழி, கடின வழி என்று வழிகள் பிரிகின்றன. எதில் போகலாம் என்று வழிகாட்டி உங்களைக் கேட்பார். படகில் இருக்கும் இளைஞர்கள் கடின வழி என்று கூச்சலிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் மறுத்தாலும் நல்ல வழிகாட்டி எளிய வழியில்தான் போவார்.

ஒன்பதாம் எண் ரேபிட்டில் பயணிகளை ஏற்றிப் போகமாட்டார்கள். ‘வணிகத் தற்கொலை’ என்று அதற்குப் பெயர். எல்லோரும் இறங்கிக் கரையோரப் பாறைகள் மீது நடந்து கடக்க வேண்டும்; வழிகாட்டிகள் ஆளில்லாப் படகுகளை நீரில் தள்ளிவிட்டுக் கீழே பிடித்துக்கொள்வார்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். காலி ராஃப்ட் ஒன்று அந்தக் குழிக்குள் விழுந்து, நீரோட்டத்தோடு கீழே போகாமல், ஒரே இடத்தில் குப்புறவும் மல்லாக்கவும் புரண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆற்றின் வேலை என்ன என்று அதைப் பார்த்தால் புரிந்துவிடும். அமிழ்ந்திருக்கும் பாறைக்கு மேல் வழிந்து விழும் நீர், அடியாழத்துக்குப் போய்விடுகிறது. அது விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்ப, மேல்பரப்பு நீர் எதிர்த்திசையில் புரண்டு வருகிறது. அந்தக் குழியில் சிக்கிய எதையும் அது வந்த திசைக்கே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ராஃப்ட் குறுக்காக விழுந்தால் அந்தப் புரளும் நீர் ஓர் ஓரத்தைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். நேராக, வேகத்தோடு விழுந்தால் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வேகம் எங்கிருந்து வருகிறது? உங்கள் துடுப்பிலிருந்து. வழிகாட்டி ‘முன்னே, முன்னே’ என்று கத்துவது உற்சாகத்துக்காக அல்ல. பயம் வந்தவர் செய்யும் முதல் காரியம், துடுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்துகொள்வது. நான்கு பேர் அப்படிச் செய்தால் அந்தப் படகு கவிழ்ந்தே தீரும். இன்னொரு பயனும் உண்டு: நீருக்குள் ஊன்றிய துடுப்பு உங்களைப் பிடித்துவைக்கும் கைப்பிடி. காற்றில் தூக்கிய துடுப்பால் அந்தப் பயன் கிடைக்காது.

என் முதல் பயணத்தில் கவிழ்ந்தது பதினெட்டாம் எண்ணில். அப்லிவியன் என்று பெயர். சுவடின்றி மறைதல் என்று பொருள் கொள்ளலாம். பிற்பகல், தோள் இரண்டும் கழன்றுவிட்டது போன்ற வலி. மூன்று அலைகள் வரிசையாக வரும், மூன்றாவதுதான் கவிழ்க்கும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். முதல் அலையில் ஏறினோம். இரண்டாவதில் முகத்தில் நீர் அறைந்தது. மூன்றாவது, எதிரே எழுந்து நின்ற சுவர். ராஃப்டின் மூக்கு மேலே, மேலே போனது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகு என் தலைக்கு மேல் வந்தது. அப்புறம் வானம் இல்லை.

நீருக்குள் முதலில் வெள்ளை. பால் போன்ற வெள்ளை. பிறகு பச்சை, பிறகு கருமை. லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கும் என்று நினைத்தேன், தூக்கவில்லை. காரணத்தைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: நுரை என்பது பாதி காற்று. காற்று கலந்த நீர் நம்மைத் தாங்காது. நுரையைக் கடந்து கெட்டியான நீருக்கு வந்த பிறகுதான் ஜாக்கெட் வேலை செய்யும். காலையில் கரையில் வழிகாட்டி எங்களிடம் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. “உள்ளே போனால் எண்ணுங்கள். எவ்வளவு நேரமானது போலத் தோன்றினாலும் பத்துக்குள் வெளியே வந்துவிடுவீர்கள்.” எண்ணினேன். நான்கில் காதுக்குள் இரைச்சல் குறைந்தது. ஐந்தில் வெளிச்சம் வந்தது. ஆறில் தலை வெளியே இருந்தது. என் மனம் அதை இரண்டு நிமிடம் என்று இன்றும் சாதிக்கிறது, எண்ணிக்கை ஆறுதான்.

அடுத்த பத்து வினாடிகளில்தான் நான் தவறு செய்தேன். வெளியே வந்ததும் வாயைத் திறந்து பெருமூச்சு இழுத்தேன். அதே நேரத்தில் அடுத்த அலை தலைமேல் உடைந்தது. அரை டம்ளர் ஜாம்பேசியைக் குடித்தேன். அலையின் உச்சியில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மூச்சிழுக்க வேண்டும். இது ஒன்றை உங்கள் மகளிடம் இன்றே சொல்லிவையுங்கள். மற்றவற்றை அங்கே கற்றுத்தருவார்கள், இதைச் சிலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கற்றுத்தருபவற்றின் காரணம் தெரிந்தால் நினைவில் நிற்கும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசைக்கு நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் உங்கள் செருப்பின் அடிப்பாகம் அதில் படும், தலை படாது. ஓடும் நீரில் எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்க முயலாதீர்கள். கிணற்று நீச்சல்காரருக்கு வரும் முதல் ஆசை தரையைக் காலால் தேடுவதுதான். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னால் வரும் நீர் உங்களை முன்னால் குப்புறத் தள்ளும். முட்டளவு நீரிலும் தலை எழாது. ஆறுகளில் நடக்கும் கொடிய விபத்துகளில் இது முக்கியமானது. கவிழ்ந்த ராஃப்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டால், இரண்டு கைகளையும் மேலே வைத்து, படகின் அடிப்பரப்பைத் தடவிக்கொண்டே ஒரே திசையில் நகருங்கள். திசையை மாற்றினால் அடியிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். மீட்புக் கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விட வேண்டிய நேரத்தில் விட முடிய வேண்டும்.

துடுப்பின் மேல்முனையில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஒரு கட்டைப் பிடி இருக்கும். அதன்மேல் ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். என் அனுபவத்தில் ஆறு பறித்த பற்களைவிட அந்தப் பிடி பறித்த பற்கள் அதிகம். இரண்டாம் பயணத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர், அலையில் தடுமாறிக் கையை எடுத்தார். அது என் புருவத்தில் இறங்கியது. நான்கு தையல். அந்த வடு இன்னும் இருக்கிறது.

நீச்சல் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அந்த நீரில் யாராலும் நீந்திச் சாதிக்க முடியாது. நீந்தத் தெரிந்தவரும் மிதக்கத்தான் செய்கிறார். தேவைப்படுவது வேறு: முகம் நீருக்குள் போனால் பதறாமல் இருப்பது. கிணற்றில் குதித்துப் பழகிய உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். மகளுக்கு எப்படி என்று சோதித்துப் பாருங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு நீச்சல் குளத்தில், லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் அதையும் அணிந்து, தலைகீழாகப் புரண்டு, நீருக்கடியில் பத்து எண்ணிவிட்டு எழச் சொல்லுங்கள். ஐந்தாறு முறை செய்தும் பதற்றம் தணியவில்லை என்றால், துடுப்புப் படகைத் தவிர்த்துவிட்டு, வழிகாட்டி ஒருவரே நீண்ட துடுப்புகளால் ஓட்டும் படகைக் கேளுங்கள். அதில் பயணிகள் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தால் போதும். அதே ஆறு, அதே அலை.

முதலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. நீர்யானைகள் அருவிக்கு மேலே அமைதியான நீரில்தான் இருக்கின்றன. பள்ளத்தாக்கில் முதலைகள் இருக்கின்றன, பெரும்பாலும் சிறியவை. மடுக்களில் குதித்துக் குளிக்க அனுமதிப்பார்கள்; சில இடங்களில் வேண்டாம் என்பார்கள். சொன்னதைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் 48 வயதுக்கு உண்மையான சோதனை ஆறு முடிந்த பிறகு வருகிறது. இதை விளம்பரங்களில் பார்க்க மாட்டீர்கள். பள்ளத்தாக்கின் சுவர் இருநூறு மீட்டருக்கும் மேல். நாள் முழுவதும் துடுப்பு போட்ட உடம்போடு, செங்குத்தான மண்பாதையில், மரக்கட்டைகளைக் கட்டி அமைத்த படிகளில், பிற்பகல் வெயிலில் மேலே ஏற வேண்டும். கரும்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பி வீசும். முட்டி வலி உள்ளவர்கள், நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் போகக் கூடாது என்று நான் சொல்வதற்கு அலைகளைவிட இந்த ஏற்றமே காரணம். தோள்பட்டை ஒருமுறை விலகியவர்களும், கர்ப்பிணிகளும், வலிப்பு வருபவர்களும் நிச்சயமாகப் போகக் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து மாடிப்படி ஏறிப் பழகுங்கள். மருதமலைப் படிகள் பக்கத்தில் இருந்தால் வாரம் இரண்டு முறை ஏறுங்கள், அது போதும்.

அந்த ஏற்றத்தில்தான் நான் வெட்கத்தோடு நின்று வழிவிட்டேன். காற்று இறக்கிச் சுருட்டிய ஈர ராஃப்டைத் தோளில் சுமந்தபடி உள்ளூர் இளைஞர்கள் எங்களைக் கடந்து ஏறினார்கள். காலில் ரப்பர் செருப்பு. ஒருவர் மூச்சிரைக்காமல் எனக்கு வணக்கம் சொன்னார். பள்ளத்தாக்கின் மேலுள்ள ஊர்களில் பலருக்கு இந்தச் சுமைதான் பருவத்துக்கு வருமானம். வழிகாட்டிகளில் பலரும் இப்படிச் சுமக்கத் தொடங்கி, கயாக் கற்று, பிறகு ராஃப்ட் பிடித்தவர்கள். வழிகாட்டிக்கு அன்பளிப்பு கொடுப்பவர்கள் சுமப்பவர்களை மறந்துவிடுகிறார்கள். சில்லறை நோட்டுகளைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழிகாட்டியின் கழுத்தில் செதுக்கிய பாம்பு ஒன்று தொங்கியது, மீன் தலையோடு. நியாமிநியாமி, டோங்கா மக்களின் ஆற்றுத் தெய்வம். கீழே கரீபாவில் 1955 முதல் 1959 வரை அணை கட்டினார்கள். டோங்கா மக்கள் சுமார் 57,000 பேர் தங்கள் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1957இலும் 1958இலும் வந்த பெருவெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றபோது, நியாமிநியாமியின் சீற்றம் என்று அவர்கள் சொன்னார்கள். இப்போது ராஃப்டிங் நடக்கும் இதே பட்டோகா பள்ளத்தாக்கிலும் 181 மீட்டர் உயர அணை ஒன்று, 2400 மெகாவாட் மின்சாரத்துக்காக, ஜாம்பியா, ஜிம்பாப்வே இரு நாடுகளும் சேர்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள். கட்டினால் தேங்கும் நீர் ரேபிட்களில் பெரும்பகுதியை மூழ்கடித்துவிடும். எனக்கு இதில் மனம் இரண்டாகப் பிளக்கிறது. 2024 வறட்சியில், எங்களுக்கு மின்சாரம் தரும் கரீபா அணையில் நீர் வற்றி, லுசாகாவில் நாளின் பெரும்பகுதி மின்சாரமில்லாமல் இருந்தோம். என் தெருவில் தையல்கடைக்காரர் இரவு ஒரு மணிக்கு மின்சாரம் வந்ததும் எழுந்து தைத்தார். அவரிடம் போய் அந்த அணை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தச் சுமைதூக்கி இளைஞரிடம் அணை வரட்டும் என்று சொல்லவும் நா எழவில்லை.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி. பெயர் சொல்லப் போவதில்லை. எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மீட்புக் கயாக் எத்தனை வரும் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உடல்நலம் பற்றி அவர்களாகக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கரையில் ஜாக்கெட்டின் வார்களை வழிகாட்டி தானே இழுத்துப் பார்க்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது முகவாய் வரை ஏறக் கூடாது. மூச்சு முட்டுவது போல இறுக்கமாக இருந்தால்தான் சரி. முதல் மடுவிலேயே நீரில் விழுந்து மீண்டும் ஏறுவதைப் பழக்கித் தருகிறார்களா என்றும் பாருங்கள். எனக்கு அமைந்த ஒரு குழுவில் பாதுகாப்புப் பேச்சு நான்கே நிமிடத்தில் முடிந்தது. என் தையல் நான்கும் அன்றுதான்.

உடுப்பு எளிது. உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட், முட்டிக்குக் கீழ்வரும் இறுக்கமான கால்சட்டை. தொடையில் வெயில் படும்படி உட்கார்ந்தே இருப்பதால் அரைக்கால்சட்டை போட்டவர்களுக்கு அன்றிரவு தோல் எரியும். கட்டிய ஷூ அல்லது வார் உள்ள செருப்பு. கண்ணாடி அணிபவர் பின்னால் கயிறு கட்ட வேண்டும். மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் வேண்டாம்; கயிற்றில் மாட்டினால் விரல் போகும். என் மனைவி வந்தபோது தாலிக்கொடியைக் கழற்ற மனம் ஒப்பவில்லை. கடைசியில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு, கொடியை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தாள். போன் கொண்டுவராதீர்கள். அருவிக்குப் பக்கத்தில் ஜாம்பியா பக்கமுள்ள ஊரான லிவிங்ஸ்டன் மலேரியா உள்ள பகுதி. மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகும் தயக்கம் இருந்தால், நேரே ஜாம்பேசிக்கு வராமல் ஒரு சின்ன ஆற்றில் தொட்டுப் பாருங்கள். கர்நாடகத்தில் தாண்டேலியின் காளி ஆறு இருக்கிறது. அணையிலிருந்து நீர் திறப்பதைப் பொறுத்தது. இலங்கையில் கித்துள்கலையில் களனி ஆறு, ஒரே பகலில் முடியும். பரிசல் அனுபவம் இங்கே உதவாது. பரிசலில் நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் பரிசல்காரருக்குச் செய்யும் உதவி. ராஃப்டில் அசையாமல் இருப்பவரே சுமை.

மகளோடு ஒரே படகில் ஏறுவதாக இருந்தால், அவளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அலை முதலில் வருவதும், எல்லாம் தெளிவாகத் தெரிவதும் அங்கேதான். 19 வயதுக்காரிக்கு அந்த இடத்தை மறுப்பது பாவம். நீங்கள் வழிகாட்டிக்கு முன்னால், கடைசி வரிசையில் உட்காருங்கள். அவள் விழுந்தால் எட்டிப் பிடிக்கப் பாயாதீர்கள். பாய்ந்தால் மீட்க வேண்டியவர் இருவராகிவிடுவார்கள். துடுப்பைப் போட்டுக்கொண்டே இருங்கள், எண்ணுங்கள். ஆறிலோ ஏழிலோ ஹெல்மெட் தெரியும்.